டைட்டர் இல்லாத காளியண்ணன்

எருமப்பட்டி சுற்றுவட்டாரத்தில் எந்தக் கோழிப்பண்ணையில் தடுப்பூசி போடுவதென்றாலும் முதல் போன் காளியண்ணனுக்குத்தான் போகும். பதினெட்டு வருஷமாக அதுதான் அவர் பிழைப்பு. ஏழு பேர் கொண்ட ஒரு கோஷ்டி, ஒரு பழைய வேன், ஐஸ் போட்ட மருந்துப் பெட்டி. காலையில் பண்ணைக்குள் நுழைந்தால் வெயில் உச்சிக்கு வருவதற்குள் ஆறாயிரம் கோழிகள் கை மாறிவிடும். குஞ்சு என்றால் கண்ணில் ஒரு சொட்டு. கொஞ்சம் வளர்ந்தது என்றால் இறக்கையில் ஒரு குத்து. முட்டைக்கு வரப்போகிறது என்றால் நெஞ்சுச் சதையில் ஊசி. காளியண்ணன் கைபட்ட கோழி துள்ளாது என்று சொல்வார்கள். பாசத்தால் அல்ல, பிடிக்கிற பிடி அப்படி.

இப்படி ஊரிலுள்ள கோழிகளுக்கெல்லாம் நோய் வராமல் பார்த்துக்கொண்டவர், வருஷம் முழுக்க இருமிக்கொண்டிருந்தார்.

சின்ன வயதில் அவருக்கு அப்படியொன்றும் இல்லை. கல்யாணம் ஆன அடுத்த வருஷம் காதில் சீழ் வைத்தது. அது ஆறுவதற்குள் மூக்கு அடைத்துக்கொண்டது. அடைத்த மூக்கு திறக்கவே இல்லை. மூன்று முறை நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் படுத்தார். வயிற்றால் போனால் வாரக்கணக்கில் போகும். சளியில் ஒரு கிருமியும் அகப்படாமலே, எதற்கும் இருக்கட்டும் என்று ஆறு மாதம் காசநோய் மாத்திரை விழுங்கினார். கொரோனா மற்றவர்கள் வீட்டுக்கு விருந்தாளியாக வந்து இரண்டு வாரத்தில் கிளம்பிவிட்டது. அவரிடம் மட்டும் ஏழு வாரம் குடியிருந்தது.

ஆனால் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தால் அவரைப்போல ஆரோக்கியமான மனிதர் ஜில்லாவிலேயே கிடையாது. டைபாய்டா, இல்லை. டெங்குவா, இல்லை. எலிக்காய்ச்சலா, அதுவும் இல்லை. ஊர் கிளினிக் டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் சுத்தமாக இருக்கிறது, உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் காரணம் என்று சொன்னார். அப்போது காளியண்ணனுக்குக் காய்ச்சல் நூற்று மூன்று.

"ஏனுங்க டாக்டரு, மனசு நூத்தி மூணு சுடுங்களா?" என்று கேட்டாள் அவர் மனைவி வெண்ணிலா.

டாக்டர் மனசுக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

காரணம் எளியதுதான், பிற்பாடு தெரிந்தபோது. அந்த மாதிரிச் சோதனைகளில் பலவும் கிருமியைத் தேடுவதில்லை. கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்கி வைத்திருக்கிற எதிர்ப்பொருளைத் தேடுகின்றன. திருடன் வந்தானா என்று பார்க்காமல் நாய் குரைத்ததா என்று விசாரிக்கிற வேலை அது. காளியண்ணன் உடம்பில் நாயே இல்லை. எனவே திருடர்கள் வந்து படுத்து எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள், ஒரு சத்தமும் வெளியே கேட்கவில்லை.

வெண்ணிலா அத்தனை ரிப்போர்ட்டையும் தீவனக் கம்பெனிக்காரர்கள் தீபாவளிக்குக் கொடுத்த ஒரு பெரிய பையில் போட்டு வைத்திருந்தாள். வைத்தியரை மாற்றும்போதெல்லாம் பையும் கூடப் போகும். பையைப் பார்த்ததுமே பாதி டாக்டர்கள் சோர்ந்து போவார்கள்.

வெண்ணிலாவின் அண்ணன் வேலுமணியையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ரிக் வண்டியில் மேனேஜர். ஆந்திரா, சத்தீஸ்கர் என்று போய் ஆழ்துளைக் கிணறு போட்டுவிட்டு மழைக்காலத்துக்கு வீடு திரும்புவார். பூமிக்கடியில் ஆயிரம் அடியில் என்ன இருக்கிறது என்று சொல்லிப் பழகியவர் ஆதலால், மாப்பிள்ளையின் நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்பதும் தனக்குத் தெரியும் என்று நம்பினார். சூடு, என்றார் ஒரு வருஷம். அடுத்த வருஷம், குளிர்ச்சி என்றார்.

கடைசியில் மூக்குக்குள் ஒரு ஆபரேஷன் செய்துவிட்டால் இருமல் அடங்கும் என்று சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தேதி குறித்தாயிற்று. ஆபரேஷனுக்கு முந்தின நாள், ரத்த வகை பார்க்க ஒரு குழாய் ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். அங்கிருந்துதான் எல்லாம் தலைகீழானது.

அந்த ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் அகல்யா என்று ஒரு பெண் வேலை பார்த்தாள். கெட்டிக்காரி, கொஞ்சம் முன்கோபி. சாயங்காலம் அவளே வார்டுக்கு ஏறி வந்தாள். காளியண்ணன் கட்டிலுக்கு எதிரில் நின்று, உண்மையைச் சொல்லிவிடுங்கள், நீங்கள் கொடுத்தது யாருடைய ரத்தம் என்று கேட்டாள்.

காளியண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னுடையதுதான் என்றார்.

"அண்ணா, ரத்த வகைய நாங்க ரெண்டு விதமாப் பாப்போம். சிவப்பணுவை வெச்சு ஒரு தடவ, ரத்தத்துல தெளிஞ்சு நிக்கிற தண்ணிய வெச்சு ஒரு தடவ. ரெண்டும் ஒரே பதிலச் சொல்லணும். உங்க சிவப்பணு 'ஓ'ன்னு சொல்லுது. தண்ணி 'ஏபி'ன்னு சொல்லுது. ரெண்டு பேரு ரத்தத்தக் கலந்தாத்தான் இப்படி வரும்."

"நாங் கலக்கலீங்க சாமி. நீங்கதான எடுத்தீங்க" என்றார் காளியண்ணன்.

அது நியாயம்தான் என்பதால் அகல்யாவுக்கு இன்னும் கோபம் வந்தது. கையில் அடையாளப் பட்டையைக் கட்டி, ஆதார் அட்டையோடு முகத்தை ஒப்பிட்டு, அவளே ஊசி குத்தி எடுத்தாள். மறுபடியும் ஓ, மறுபடியும் ஏபி. மூன்றாவது முறை வார்டு நர்ஸைச் சாட்சிக்கு நிறுத்திக்கொண்டு எடுத்தாள். ரத்தத் தண்ணியை அதிகமாக விட்டுப் பார்த்தாள், குளிர்ப்பெட்டியில் வைத்துப் பார்த்தாள். ரத்தம் தன் வாக்குமூலத்தை மாற்றவில்லை.

பழைய சான்று ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். வெண்ணிலா பையைத் தேடி டிரைவிங் லைசென்ஸை எடுத்தாள். அதில் பி பாசிட்டிவ் என்று இருந்தது. லைசென்ஸ் எடுத்துக் கொடுத்த புரோக்கர் எல்லாருக்கும் அதையேதான் எழுதுவாராம். மருந்துக் கம்பெனிக்காரர்கள் கோஷ்டிக்குக் கொடுத்த அடையாள அட்டையில் ஏ பாசிட்டிவ். ஆக மொத்தம் உலகத்தில் என்னென்ன ரத்த வகை உண்டோ அத்தனையும் காளியண்ணனுக்கு இருந்தது. எந்த ரத்தம் ஏற்றுவது என்று தெரியாமல் கத்தி வைக்க முடியாது என்று ஆபரேஷனைத் தள்ளிவைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

செய்தி அவருக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்தது. வேலுமணிக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு வகை ரத்தம் ஓடுகிற மனிதர் தன் மாப்பிள்ளை என்பதில் அவருக்கு அப்படியொரு பெருமை. ரிக் வண்டிக்காரர்கள் சங்கம் நடத்துகிற ரத்ததான முகாமுக்கு மாப்பிள்ளையின் படத்தைப் போட்டு, 'இரு ரத்த நாயகரே வருக' என்று பஸ் ஸ்டாப்பில் பிளெக்ஸ் கட்டிவிட்டார். முகாமில் காளியண்ணனின் எடையைப் பார்த்து, இருமலைக் கேட்டு, இவரிடம் ஒரு சொட்டுக்கூட எடுக்கக் கூடாது என்று திருப்பி அனுப்பினார்கள். நாயகர் ஒரு ஜூஸ் மட்டும் குடித்துவிட்டு வந்தார். பிளெக்ஸ் காற்றில் கிழியும் வரை அங்கேயே தொங்கியது.

அகல்யாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. படித்த காலத்துப் புத்தகத்தைத் தேடி எடுத்துப் புரட்டினாள். மறுநாள் அதே ஆஸ்பத்திரியிலிருந்த மருத்துவர் தீனதயாளனிடம் போய் நின்றாள். பொது மருத்துவம் பார்க்கிறவர், அதிகம் பேசாதவர். அவள் சொன்னது இதுதான்.

"சார், ஓ வகை ஆளுக்கு, ரத்தத் தண்ணியில ஏ-க்கும் பி-க்கும் எதிர்ப்பொருள் கட்டாயம் இருக்கணும். இவருக்கு ரெண்டுமே இல்ல. அதனாலதான் ஏபி மாதிரி தெரியுது. பொறந்ததுலேருந்து தானா ஊற வேண்டியதே இல்லைன்னா, வேற எதிர்ப்பொருளும் இவருக்கு இருக்குமான்னு சந்தேகமா இருக்கு."

தீனதயாளன் உடனே காளியண்ணனை வரச் சொன்னார்.

பையைக் கண்டு சோர்ந்து போகாத முதல் டாக்டர் அவர்தான். ஒரு மணி நேரம் தாள் தாளாகப் படித்தார். எத்தனை நிமோனியா, எந்தப் பக்கம், எத்தனை முறை வயிற்றுப்போக்கு, கூடப் பிறந்தவர்களில் யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். ரத்தத்தில் எதிர்ப்பொருள் மொத்தம் எவ்வளவு என்று பார்க்க எழுதிக் கொடுத்தார். குறைந்தது எழுநூறாவது இருக்க வேண்டிய இடத்தில் தொண்ணூற்று நான்கு வந்தது. ஆய்வுக்கூடத்துக்காரர்கள் தங்கள் இயந்திரத்தில் கோளாறு என்று நினைத்து மறுபடி ரத்தம் கேட்டார்கள். மறுபடி எண்பத்தொன்பது வந்தது.

உடனே முடிவு கட்டிவிடவில்லை தீனதயாளன். உண்டாகிற எதிர்ப்பொருள் சிறுநீரில் ஒழுகிப் போகிறதா, குடலில் கசிகிறதா, நெறிகட்டிகளில் புற்று ஏதும் ஒளிந்திருக்கிறதா, ஏதாவது மாத்திரையின் வேலையா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து நீக்கினார். கடைசியாக ஒரு சோதனை பாக்கி என்றார். இரண்டு தடுப்பூசி போடுவேன், நாலு வாரம் கழித்து ரத்தம் எடுத்து, அதற்கு உங்கள் உடம்பு எதிர்ப்பு உண்டாக்கியிருக்கிறதா என்று பார்ப்பேன்.

காளியண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"டைட்டர் பாக்கறீங்க. இத மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே" என்றார்.

டைட்டர் என்பது ரத்தத்தில் எதிர்ப்பு எவ்வளவு ஊறியிருக்கிறது என்கிற கணக்கு. நாமக்கல் பக்கத்தில் டாக்டருக்குப் படிக்காதவர்களுக்கும் அது தெரியும். தடுப்பூசி போட்ட மூன்று நாலு வாரத்தில் கோழிகளிடம் ரத்தம் எடுத்து, டைட்டர் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பண்ணைக்காரர் நிம்மதியாகச் சாப்பிடுவார். பதினெட்டு வருஷமாகக் கோழிகளுக்கு நடந்தது இப்போது தனக்கு நடக்கப்போகிறது என்றதும் காளியண்ணனுக்கு வந்த உற்சாகத்தை வெண்ணிலா எந்த ஆஸ்பத்திரியிலும் பார்த்ததில்லை. ஊசி மருந்தின் பேட்ச் நம்பரைக் கேட்டார். குளிர்ப்பெட்டியில் எத்தனை டிகிரி வைத்திருக்கிறீர்கள் என்றார். குப்பியைக் குலுக்கிய நர்ஸிடம், குலுக்கக் கூடாது, உருட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். எல்லாம் முடிந்து எழும்போது அவருக்கு ஒரு குறை மட்டும் இருந்தது.

"ஒரே ஒரு உருப்படியப் பாத்து எப்படிங்க முடிவு சொல்லுவீங்க? ஒரு கோழிச் செட்டுக்கு இருவது உருப்படியாச்சும் பாக்கோணும்."

கூடப் பிறந்தவர்களையும் பார்ப்பது நல்லதுதான் என்று தீனதயாளன் ஒரு பேச்சுக்குச் சொன்னார். நாலு வாரம் கழித்து வேன் நிறைய ஆட்களோடு வந்து இறங்கினார் காளியண்ணன். அண்ணன், இரண்டு தங்கைகள், பெரியப்பா பிள்ளைகள், கோஷ்டி ஆட்கள், கூடவே வேலுமணி. வரிசையில் முதல் ஆளாகச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றவர் வேலுமணிதான். தனக்கும் மாப்பிள்ளைக்கும் ரத்த உறவே இல்லை என்பதை அவர் ஏற்கவில்லை. தீனதயாளன் உடன்பிறந்தவர்களுக்கு மட்டும் பார்த்துவிட்டு மற்றவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

உடன்பிறந்தவர்கள் எல்லாரும் சரியாக இருந்தார்கள். காளியண்ணனின் டைட்டர், ஊசிக்கு முன்னால் எப்படி இருந்ததோ அப்படியே பின்னாலும் இருந்தது. அதாவது இல்லை.

எதிர்ப்பொருள் குறைபாடு என்று ஒரு நோய் என்றார் தீனதயாளன். எதிர்ப்பொருளை உண்டாக்க வேண்டிய அணுக்கள் வேலை செய்யவில்லை. பிறந்தபோதே தெரிய வேண்டும் என்பதில்லை, இருபது முப்பது வயதிலும் தலைகாட்டும். யார் பண்ணின பாவமும் இல்லை.

காளியண்ணன் நிதானமாகக் கேட்டுவிட்டு, "இது கம்போரோவுங்க" என்றார்.

கம்போரோ கோழிக்கு வருகிற ஒரு நோய். கோழியின் பின்பக்கம், வால் அடியில், பர்சா என்று திராட்சைப்பழம் அளவில் ஒரு பை இருக்கிறது. எதிர்ப்பு அணுக்கள் அங்கேதான் தேறி வரும். கம்போரோ கிருமி அந்தப் பையைத் தின்றுவிட்டால், பிறகு எத்தனை தடுப்பூசி போட்டாலும் அந்தக் கோழிக்கு டைட்டர் ஏறாது. கண்ட நோயெல்லாம் வரும். கம்போரோ மருந்தைக் கையாண்டே காலம் கழித்த காளியண்ணனுக்கு, தனக்கு வந்திருப்பது அதேதான் என்பதில் துளி சந்தேகமில்லை. தன்னுடைய பர்சாவைப் படம் எடுத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டார்.

"மனுஷனுக்குப் பர்சா கிடையாதுங்க. நமக்கு அந்த வேலை எலும்பு மஜ்ஜையில நடக்குது" என்றார் தீனதயாளன். பிறகு, நேர்மையான மனிதர் ஆகையால், ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். எதிர்ப்பொருள் உண்டாக்குகிற அணுக்களுக்கு பி அணுக்கள் என்று பெயர். அந்த பி, பர்சா என்கிற சொல்லிலிருந்து வந்ததுதான். கோழியின் அந்தப் பையை ஆராய்ந்தபோதுதான் இந்த அணுக்களைப் பற்றி உலகத்துக்கே தெரியவந்தது.

இதை அவர் சொல்லியிருக்கக் கூடாது. காளியண்ணன் எருமப்பட்டிக்குத் திரும்பி, டீக்கடையில் ஆரம்பித்து பார்க்கிறவர்களிடமெல்லாம், டாக்டர்களே கோழியிடம்தான் பாடம் படித்தார்கள், தன் நோயும் கோழியிடம் கண்டுபிடித்ததுதான் என்று சொன்னார். ஒவ்வொரு வாய் மாறும்போதும் நடுவிலிருந்து ஒரு சொல் உதிர்ந்தது. மூன்றாம் நாள் ஊரில் நின்ற செய்தி: காளியண்ணனுக்குக் கோழி நோய்.

குமாரசாமி அறுபதாயிரம் முட்டைக்கோழி வைத்திருப்பவர். காளியண்ணனுக்கு அதிக வேலை கொடுக்கிற பண்ணைக்காரர் அவர்தான். கேட்டுக்கு வெளியே, கால் நனைக்கிற மருந்துத் தொட்டிக்கு அந்தப் புறமே காளியண்ணனை நிறுத்திவிட்டார். உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, ஆனால் கம்போரோவைக் கொண்டுவந்து என் கோழிக்கு ஒட்டிவிட்டால் நான் என்ன செய்வேன் என்றார். கோழி நோய் இல்லை என்று ஒரு சர்ட்டிபிகேட் கொண்டுவந்தால் உள்ளே விடுவதாகச் சொன்னார்.

கேட்பதற்குச் சுலபமாக இருந்தது. தீனதயாளனிடம் போனார். கோழி நோயைப் பற்றிச் சான்று கொடுக்க நான் கால்நடை மருத்துவர் இல்லையே என்றார் அவர். நாமக்கல்லில் ஒரு கால்நடை மருத்துவரிடம் போனார். மனிதரைச் சோதித்துச் சான்று கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை என்றார் இவர். இரண்டு படிப்புக்கும் நடுவில் ஒரு சந்து இருந்தது. காளியண்ணன் சரியாக அந்தச் சந்தில் மாட்டிக்கொண்டார்.

இதற்கிடையில் வைத்தியம் தொடங்கியிருந்தது. உடம்பு உண்டாக்காததை வெளியிலிருந்து கொடுப்பதுதான் வைத்தியம். மற்ற மனிதர்களின் ரத்தத் தண்ணியிலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்பொருளை நாலு வாரத்துக்கு ஒருமுறை நரம்பு வழியாக ஏற்ற வேண்டும். ஆயுசுக்கும். இதைத் தீனதயாளன் விளக்கியபோது வேலுமணியும் கூட இருந்தார். கொஞ்சம் தயங்கி, மற்ற மனிதர்கள் என்றால் யார் என்று விசாரித்தார்.

"ஒரு பாட்டில்ல ஆயிரக்கணக்கான பேரு கொடுத்தது இருக்கும். எல்லா ஊரு, எல்லா சாதி, எல்லா மதமும்."

வேலுமணி தொண்டையைச் செருமிக்கொண்டார். "நம்ம ஆளுங்க குடுத்ததா மட்டும், தனியா ஒரு பாட்டல் கெடைக்குங்களா?"

"கிடைக்காது. கிடைச்சாலும் பிரயோஜனமில்ல. உங்க ஆளுங்க எந்தெந்த நோயைப் பாத்திருக்காங்களோ அதுக்கு மட்டும்தான் அதுல எதிர்ப்பு இருக்கும். எல்லாரும் கலந்தாத்தான் எல்லா நோய்க்கும் காவல்."

வேலுமணி யோசனையில் ஆழ்ந்தார். காளியண்ணனுக்கு யோசிக்க ஒன்றுமில்லை. பல பண்ணைக் கிருமிகளைச் சேர்த்துச் செய்த மருந்து, ஒரே பண்ணைக் கிருமியில் செய்த மருந்தைவிட நல்லது என்பது அவர் தொழிலில் பாலபாடம். எல்லாரையும் ஏற்றுங்கள் என்றார்.

முதல் தடவை ஏற்றியபோது உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. தலை பிளந்தது. சொட்டின் வேகத்தைக் குறைத்ததும் அடங்கியது. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் வீட்டுக்குள் வந்தால் கொஞ்சம் தள்ளுமுள்ளு இருக்கத்தானே செய்யும் என்று வெண்ணிலாவிடம் சொன்னார். இரண்டாவது தடவை ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது தடவைக்கு அப்புறம் ஒரு காலை அவர் வேப்பமரத்தடியில் நின்று மூச்சை இழுத்தார். இரண்டு மூக்கிலும் காற்று போனது. பக்கத்துத் தோட்டத்தில் யாரோ கொத்தமல்லி பிடுங்குகிறார்கள் என்று அவர் சொன்னபோது வெண்ணிலா வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அந்த மனிதருக்கு வாசம் தெரிந்து பத்து வருஷம் ஆகியிருந்தது.

அந்த மருந்து ஏழை வாங்கக்கூடியதல்ல. மூன்று தடவைக்குள் வேனை விற்க வேண்டியதாயிற்று. அரசு உதவி கேட்டு மனுக் கொடுங்கள் என்றார்கள். காளியண்ணன் தானே உட்கார்ந்து எழுதினார், தனக்குத் தெரிந்த பாஷையில். 'கோழிகளுக்கு வரும் கம்போரோ நோய்போல் டைட்டர் ஏறாத குறைபாட்டால் அவதியுறுவதாலும், தடுப்பூசி பலனளிக்காததாலும்' என்று முதல் வரி ஓடியது. முதல் வரிக்கு மேல் யாரும் படிக்கவில்லை. மனு, கோழி சம்பந்தப்பட்ட ஒரு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. எந்த அலுவலகம் என்பது வேண்டாம். ஒரு மாதத்தில் அங்கிருந்து படிவம் வந்தது. பாதிக்கப்பட்ட பறவைகளின் எண்ணிக்கை, வயது, எடை, தீவன விவரம்.

வந்த படிவத்தை நிரப்பாமல் விட்டால் உதவி கிடைக்காது என்று அவருக்குப் பயம். கேட்ட இடங்களில் உண்மையை எழுதினார். எண்ணிக்கை: 1. வயது: 43 வருடம். எடை: 51 கிலோ. தீவனம்: காலை இட்லி, மதியம் சோறு, மாலை ராகிக்களி.

பத்து நாள் கழித்து வீட்டு வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. ஜீவானந்தம் என்கிற அதிகாரி, ஓய்வுபெற ஏழு மாதம் இருக்கிறவர், இரண்டு உதவியாளர்களோடு இறங்கினார். மூவரும் கையுறை, முகமூடி, ரப்பர் பூட்ஸ். நாற்பத்து மூன்று வயதில் ஐம்பத்தோரு கிலோ கோழி என்றால் எழுத்துப்பிழையாகத்தான் இருக்கும் என்று அலுவலகத்தில் எல்லாரும் சொன்னார்களாம். இருந்தாலும் முப்பத்து நாலு வருஷ சர்வீஸில் இப்படி ஒன்றைப் பார்க்காமல் போய்விடக் கூடாது என்று தோன்றியிருக்கிறது அவருக்கு. வெண்ணிலாவிடம், பறவை எங்கேம்மா என்று கேட்டார்.

"உள்ள படுத்திருக்காருங்க. எழுப்பட்டுங்களா?" என்றாள் வெண்ணிலா.

காளியண்ணன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்து கும்பிட்டார். ஜீவானந்தம் அவரை ஒரு பார்வை பார்த்தார், கையிலிருந்த படிவத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, மோர் வாங்கிக் குடித்து, முழுக் கதையையும் கேட்டார். சிரிக்கவில்லை. கோழியின் பர்சாவைப் பற்றி காளியண்ணனுக்குத் தெரிந்த அளவு தன் உதவியாளர்களுக்குத் தெரியாது என்றார்.

நல்ல மனிதர். அங்கேயே உட்கார்ந்து, கோழி என்கிற சொல்லே வராமல் மனுவைப் புதிதாக எழுதிக் கொடுத்தார். அது சரியான மேஜைக்குப் போய், மூன்று மாதத்தில் காப்பீட்டில் மருந்து கிடைக்க வழியானது. தம் பங்குக்கு அவரும் ஒரு ஆய்வறிக்கை எழுத வேண்டியிருந்தது. ஜீப் வந்துபோனதற்குக் கணக்குக் காட்ட வேண்டுமே. 'மேற்படி முகவரியில் நேரில் ஆய்வு செய்ததில், குறிப்பிடப்பட்ட பறவை, பறவை அல்ல எனக் கண்டறியப்பட்டது. எனவே கோழி நோய் ஏதும் இல்லை' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினார். ஒரு நகலைக் காளியண்ணனிடம் கொடுத்தார்.

குமாரசாமி அதை இரண்டு முறை படித்தார். முத்திரையைத் தடவிப் பார்த்தார். "இதைத்தானப்பா நானும் கேட்டேன்" என்று கேட்டைத் திறந்துவிட்டார்.

ஆனால் தீனதயாளன் வேறு ஒன்று சொல்லியிருந்தார். கோழிக்கு இவரால் ஆபத்தில்லை. உயிருள்ள கிருமி வைத்த கோழி மருந்துகளும் கோழி எச்சத் தூசியும் இவருக்குத்தான் ஆகாது. எனவே காளியண்ணன் கோழிகள் அடைந்திருக்கும் செட்டுக்குள் போவதை நிறுத்திக்கொண்டார். கோஷ்டியை மூத்த ஆளிடம் விட்டுவிட்டு, மருந்துகளைக் குளிர் குறையாமல் பண்ணை பண்ணையாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலையை எடுத்துக்கொண்டார். தன்னுடைய மருந்தையும் அதே மாதிரிப் பெட்டியில், வெப்பமானி வைத்து, அவரே எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவார். மூன்று நிமோனியாவில் வலது நுரையீரலின் அடிப்பகுதி கெட்டது கெட்டதுதான், அது திரும்பாது. தினமும் காலையில் குப்புறப் படுத்து, வெண்ணிலா முதுகில் தட்டத் தட்ட, சளியைத் துப்ப வேண்டும். வேறு குறையில்லை.

ஒரு குழப்பம் மட்டும் நடுவில் வந்தது. லேசான வயிற்றுவலிக்கு ஊர் கிளினிக்கில் ரத்தம் பார்த்தார்கள். மஞ்சள் காமாலைக் கிருமிகளுக்கு எதிர்ப்பு இருக்கிறது, இன்னும் நாலைந்து நோய்க்கும் இருக்கிறது என்று வந்தது. ஆயிரம் பேரின் சரித்திரமல்லவா உள்ளே ஓடுகிறது. இத்தனை வருஷம் உங்களுக்கு ஒன்றுமில்லை என்று சொன்ன டாக்டர், ரிப்போர்ட்டைப் பார்த்து நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். இது இரவல் எதிர்ப்பு என்று தீனதயாளன் போனில் சொல்லிப் புரியவைத்தார்.

போன ஐப்பசியில் குலதெய்வம் கோயிலில் கிடாவெட்டு. பந்தி நடக்கும்போது அடைமழை பிடித்துக்கொண்டது. பாத்திரங்களை நகர்த்துகிற அவசரத்தில் காளியண்ணன் தொப்பலாக நனைந்துவிட்டார். சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. நனைந்த காளியண்ணன் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இருப்பார் என்பது குடும்பத்தில் எல்லாருக்கும் பழகிய கணக்கு. வேலுமணி தினமும் காலையில் போன் செய்து, காய்ச்சல் வந்துவிட்டதா என்று விசாரித்தார். முதல் நாள் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் குரலில் லேசான ஏமாற்றம்கூடத் தெரிந்தது. நாலாம் நாள் போன் வரவில்லை.

வேலுமணிக்குத்தான் காய்ச்சல். நெஞ்சில் சளி கட்டிப் படுத்திருந்தார். காளியண்ணன் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனார். முகமூடியை மாட்டிக்கொண்டு, காய்ச்சல்காரர் அறைக்குள் நுழையாமல், ஜன்னலுக்கு வெளியே நின்று எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"உள்ள வாங்க மாப்ள. வெளிய நின்னு பேசறதுக்கு நான் என்ன ஊருக்கு ஆகாதவனா?" வேலுமணிக்கு மனசு நொந்துவிட்டது.

"டாக்டரு காய்ச்சக்காரங்ககிட்டப் போக வேண்டாம்னு சொல்லியிருக்காருங்க மச்சான். இங்கிருந்தே பாக்கறேன்."

"ஒரே மழதான நனஞ்சோம். எனக்கு மட்டும் வந்திருக்குது" என்றார் வேலுமணி. அது அநியாயம் என்பது போல இருந்தது அவர் முகம்.

காளியண்ணன் ஒரு பழத்தை உரித்து, சுளைகளைப் பிரித்து, ஜன்னல் கம்பி வழியாக ஒவ்வொன்றாக நீட்டினார். வேலுமணி கொஞ்சநேரம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பிறகு கையை நீட்டி வாங்கிச் சாப்பிட்டார்.